‘பூஸ்ட்’ பொத்தானைத் தொடாமல் ஆள் சேர்க்கும் வழி: தோட்டத்து ஊர்ச் சிறுவியாபாரிகளுக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் வீட்டிலிருந்தே முறுக்கு சுடுகிறவர், ரவிக்கை தைக்கிறவர், மாலை கட்டுகிறவர், ஏர்கோன் கழுவப் போகிறவர் ஆகியோருக்கான கட்டுரை இது. ‘பூஸ்ட்’ பொத்தானை அழுத்தி விளம்பரத்துக்கு ஒரு காசும் கட்டாமல் முகநூலிலும் டிக்டாக்கிலும் உண்மையான பின்தொடர்வோரைச் சேர்ப்பது எப்படி என்று வரிசையாகச் சொல்கிறோம். பீடோர், பாகான் செராய், பாடாங் செராய் போன்ற தோட்டத்து ஊர்களுக்கும் இதே வழிதான். உதாரணத்துக்கு முறுக்கையே எடுத்துக்கொள்வோம். மற்ற தொழில்காரர்கள் முறுக்கு என்று வரும் இடத்தில் தங்கள் பொருளைப் போட்டுக்கொள்ளலாம்.

யார் வேண்டும் என்பதை முதலில் தீர்மானியுங்கள். உங்களிடம் வாங்கக்கூடியவர்கள் மூன்று வகை. மோட்டாரில் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடக்கூடிய டவுன், லிந்தாங், ஜாலோங், கோலகங்சார் ஆட்கள் முதல் வகை. தோட்டத்தில் பிறந்து இப்போது ஈப்போ, கிள்ளான், ஜொகூர் பாரு, சிங்கப்பூர் என்று போய்விட்ட ஊர்ப் பிள்ளைகள் இரண்டாம் வகை. தீபாவளி நேரத்தில் பலகாரம் தேடும் மலாய், சீன அண்டைவீட்டார் மூன்றாம் வகை. இந்த மூன்றுக்குள் 400 பேர் சேர்ந்தால் தொழில் ஓடும். தமிழ்நாட்டில் 40,000 பேர் பின்தொடர்ந்தாலும், ரவிக்கைக்கு அளவு கொடுக்க மதுரையிலிருந்து யாரும் பஸ் ஏறி வரப்போவதில்லை. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

ஒரு தளத்தில் காட்டு, ஓரிடத்தில் விற்பனை செய்

நான்கு தளங்களில் ஒரே நேரத்தில் கணக்கு திறப்பவர் பெரும்பாலும் இரண்டாம் மாதம் நான்கையும் விட்டுவிடுகிறார். காட்டுவதற்கு ஒரு தளம், ஆர்டர் எடுக்க வாட்ஸ்அப் பிசினஸ், இவ்வளவு போதும்.

உங்கள் வாடிக்கையாளர் நாற்பது வயதைத் தாண்டிய அக்காமார் என்றால் முகநூல். கல்யாண மேக்கப், மருதாணி, கேக் மாதிரி இளவயதினரைத் தேடும் தொழில் என்றால் டிக்டாக் அல்லது இன்ஸ்டாகிராம். முகநூலில் சொந்தக் கணக்கில் விற்காமல் தனியாக ஒரு பக்கம் திறங்கள். சொந்தக் கணக்கில் 5,000 நண்பர்களுக்கு மேல் சேர்க்க முடியாது, பக்கத்துக்கு அந்த வரம்பு இல்லை. அத்தோடு, தங்கச்சி கல்யாணப் படமும் முறுக்கு விலையும் ஒரே இடத்தில் கலந்து கிடந்தால் புதிதாக வருகிறவர் எதைப் பின்தொடர்வது என்று குழம்புவார்.

பெயரில் மூன்று இருக்கட்டும்: பொருள், ஊர், உங்கள் அடையாளம். ‘லட்சுமி கிரியேஷன்ஸ்’ என்றால் யாருக்கும் எதுவும் புரியாது. ‘சுங்கை சிப்புட் முறுக்கு – லிந்தாங் ரோடு அக்கா’ என்றால் தேடுகிறவர் கையில் அகப்படும். கணக்கின் பயனர் பெயரை ரோமன் எழுத்தில் சுருக்கமாக, எண்களும் அடிக்கோடுகளும் இல்லாமல் வையுங்கள். தொலைபேசியில் வாயால் சொன்னால் எதிராளி தவறில்லாமல் தட்ட முடிய வேண்டும், அதுதான் சோதனை.

சுயகுறிப்பு டிக்டாக்கில் 80 எழுத்து, இன்ஸ்டாகிராமில் 150. என்ன பொருள், எந்த ஊர், எந்த நாள் எடுக்கலாம், வாட்ஸ்அப் எண், இந்த நான்குக்கு மேல் அங்கே இடமும் இல்லை, தேவையும் இல்லை. ‘கனவுகளைத் துரத்துபவள்’ மாதிரி வரிகளை எடுத்துவிடுங்கள். டிக்டாக்கில் தனிநபர் கணக்குக்கு 1,000 பேர் சேரும்வரை இணைப்பு வைக்கும் வசதி கிடைக்காமல் இருக்கலாம். அதுவரை எண்ணை எழுத்தாகவே போடுங்கள். மற்ற இடங்களில் வாட்ஸ்அப் இணைப்பு வைக்கும்போது எண்ணுக்கு முன்னால் 60 வர வேண்டும், முதல் பூஜ்யம் இரண்டு முறை வரக்கூடாது. 012 என்று தொடங்கும் எண் 6012 என்றுதான் ஆகும். 60012 என்று போட்டுவிட்டு, ‘ஏன் ஒருத்தரும் மெசேஜ் பண்ணல’ என்று மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. வேறொருவர் கைப்பேசியிலிருந்து ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

கூகுள் மேப்பில் இலவச வணிகக் கணக்கு ஒன்றையும் திறந்துவிடுங்கள். வீட்டு முகவரி தெரிய வேண்டாம் என்றால் அதை மறைத்து, சேவை செய்யும் பகுதியை மட்டும் காட்டலாம். கோலகங்சாரிலிருந்து தேடுகிற மலாய்க்கார வாடிக்கையாளர் உங்களை முதலில் பார்ப்பது இங்கேயாகவும் இருக்கலாம்.

யாருக்கும் சொல்வதற்கு முன் ஒன்பது பதிவு

காலிப் பக்கத்துக்கு ஆளைக் கூப்பிடாதீர்கள். முதலில் ஒன்பது பதிவுகளைப் போட்டு வையுங்கள். பொருள் மூன்று, செய்முறை இரண்டு, விலைப்பட்டியல் ஒன்று, எப்படி ஆர்டர் கொடுப்பது என்று ஒன்று, உங்கள் முகம் தெரியும் ஒன்று, ஊர் சம்பந்தப்பட்டது ஒன்று. விலைப்பட்டியல் எப்போதும் பக்கத்தின் மேலேயே நிற்கும்படி ‘பின்’ செய்துவிடுங்கள்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. ‘விலைக்கு பி.எம். பண்ணுங்க’ (தனிச்செய்தி அனுப்புங்க) என்று எழுதும் பழக்கத்தை இன்றே விடுங்கள். இணையத்தில் விற்பவர் பெயர், பதிவு எண், தொடர்பு எண், முழு விலை, கட்டணம் செலுத்தும் முறை ஆகியவற்றைக் காட்ட வேண்டும் என்று மலேசியப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதிகளே சொல்கின்றன. சட்டத்தை விடுங்கள், கேட்கக் கூச்சப்படும் ஆள் விலை தெரியாவிட்டால் அப்படியே நகர்ந்துவிடுவார். எஸ்.எஸ்.எம். (மலேசிய நிறுவன ஆணையம்) பதிவு இன்னும் செய்யவில்லை என்றால், சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி (ரிங்கிட்), வியாபாரப் பெயரில் 60 வெள்ளி. உணவு விற்பவர் உணவு கையாளுவோர் பயிற்சியையும் டைபாய்டு ஊசியையும் முடித்துவிட்டு அதையே ஒரு பதிவாகப் போடலாம். நம்பிக்கை தரும் பதிவுகளில் அதுவும் ஒன்று.

காணொளி: எண்ணெய் படிந்த கேமராவும் தகரக் கூரையும்

நல்ல கைப்பேசி இல்லை என்பது தடையே இல்லை. சமையலறையில் வேலை செய்கிறவரின் கைப்பேசிக் கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும், படம் புகைமூட்டமாகத் தெரியும், கேமரா சரியில்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் பருத்தித் துணியால் துடைத்துவிட்டு எடுங்கள்.

காலை 8 முதல் 10 மணிக்குள், முன்வாசல் அல்லது சன்னல் பக்கம் எடுங்கள். வெளிச்சம் உங்கள் முகத்துக்கோ பொருளுக்கோ எதிரில் இருக்க வேண்டும், முதுகுக்குப் பின்னால் இருக்கக்கூடாது. பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டால் தகரக் கூரைச் சத்தத்தில் குரல் மூழ்கிவிடும். காற்றாடியை நிறுத்துங்கள். ஒயர் வைத்த சாதாரண இயர்போனின் மைக்கைச் சட்டைக் கழுத்தில் செருகிக்கொண்டு பேசினாலே ஒலி பாதி சரியாகிவிடும். கைப்பேசியை நிமிர்த்தி மைலோ டின் மேல் சாய்த்து, செங்குத்தாகவே எடுங்கள். 1080க்கு 1920 அளவு.

முப்பது வினாடி முறுக்குக் காணொளிக்கு ஆறு துண்டுகள் போதும்.

1. முதல் 2 வினாடி: அச்சிலிருந்து மாவு எண்ணெயில் விழுவது, இல்லாவிட்டால் முறுக்கை உடைக்கும் சத்தம். ‘வணக்கம் மக்களே’ இங்கே கூடாது. அந்த இரண்டு வினாடியில்தான் விரல் தள்ளிவிட்டுப் போகும்.
2. அடுத்த 4 வினாடி: முகம் தெரிய ஒரே வாக்கியம். “சுங்கை சிப்புட்ல வீட்டுல சுடுற முறுக்கு, ஒரு டின் பதினஞ்சு வெள்ளி.”
3. 8 வினாடி: மற்றவர் செய்யாத ஒன்று. அரிசியை நீங்களே ஊறவைத்து அரைக்கிறீர்களா, எண்ணெயை எப்போது மாற்றுகிறீர்கள் என்பதைக் காட்டுங்கள்.
4. 6 வினாடி: தவறிப்போன ஒரு முறுக்கு, அது ஏன் உடைந்தது என்ற காரணம். மாவு இறுகிவிட்டது, எண்ணெய் போதிய சூடு இல்லை, எதுவாக இருந்தாலும் சரி. பார்க்கிறவர் கருத்து எழுதுவது பெரும்பாலும் இந்த இடத்துக்குத்தான்.
5. 6 வினாடி: டின்னில் அடுக்குவது, மூடுவது.
6. 4 வினாடி: “சனிக்கிழமை எடுக்கணும்னா வியாழக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க.”

மூன்றாம் துண்டை ஒப்புக்குச் செய்துவிடாதீர்கள். ஈப்போ புந்தோங்கில் கடலை, முறுக்கு விற்கும் கச்சான் பூத்தே கடைகள் பேர் போனவை. ‘முறுக்கு விற்கிறோம்’ என்ற செய்தி மட்டும் பேராக்கில் யாரையும் நிறுத்தாது. உங்கள் முறுக்கு எதில் வேறு என்பதைக் காட்டினால்தான் நிற்பார்கள்.

திரையில் எழுத்து போடும்போது ஒரு வரியில் ஐந்தாறு சொல், இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். மேலும் கீழும் ஐந்தில் ஒரு பங்கு இடத்தையும் வலது ஓரத்தையும் காலியாக விடுங்கள். தளத்தின் பொத்தான்களும் தலைப்பு வரியும் அங்கே வந்து மூடிவிடும். எடிட்டிங் செயலியில் எழுத்துரு தேர்ந்தெடுத்ததும் ‘கொழுக்கட்டை’, ‘நெய்’ என்று தட்டிப் பாருங்கள். கொம்பு இடம் மாறி நின்றால் அந்த எழுத்துரு தமிழுக்கு ஆகாது. பழைய பாமினி எழுத்தில் தட்டிய அழைப்பிதழிலிருந்து நகல் எடுத்து ஒட்டினாலும் அர்த்தமில்லாத எழுத்துக் குவியல்தான் வரும். கைப்பேசியின் யூனிகோட் விசைப்பலகையிலேயே தட்டுங்கள்.

தமிழ்நாட்டுப் பார்வை என்னும் பொறி

நம் ஊர்க்காரர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. தமிழில் பேசும் காணொளியைத் தளம் தமிழ் பார்க்கும் எல்லாருக்கும் தள்ளிப் பார்க்கும். தமிழ் பார்ப்பவர் கூட்டத்தில் மலேசியர் சிறுபகுதிதான். ஒரு காணொளி திடீரென்று எகிறும்; கொண்டாடுவீர்கள்; ஆர்டர் ஒன்றும் வராது. அடுத்த காணொளியைத் தளம் அந்தப் புதுக் கூட்டத்திடமே முதலில் காட்டும், அவர்களுக்கு லிந்தாங் ரோட்டில் டின் எடுக்கும் நேரம் தேவையில்லை, தள்ளிவிடுவார்கள். அதைப் பார்த்து, ‘இது யாருக்கும் பிடிக்கவில்லை’ என்று தளம் முடிவு செய்துகொள்ளும்.

தடுக்க வழி உண்டு. ஊர் பெயரை முதல் ஐந்து வினாடிக்குள் வாயாலும் சொல்லுங்கள், திரையிலும் எழுதுங்கள். ஒவ்வொரு பதிவிலும் இடக்குறி போடுங்கள். விலை வெள்ளியில் வரட்டும். பேசுவது நம் பேச்சாகவே இருக்கட்டும்; ‘பசியாறிட்டீங்களா’, ‘பசார் மாலாம்’ (இரவுச் சந்தை), ‘தாமான்’ (குடியிருப்பு) என்று வரும் இடத்தில் சென்னைத் தொலைக்காட்சித் தமிழைக் கொண்டுவந்து ஒட்டாதீர்கள். விளக்க வரியில் முதல் வரி தமிழ், இரண்டாம் வரி மலாய். நம் பிள்ளைகளே பலர் முறுக்கு என்பதை ரோமன் எழுத்தில்தான் தேடுகிறார்கள், அதுவும் ஒற்றை ‘க்’கோடு, இரட்டை ‘க்’கோடு என்று இரண்டு விதமாக. இரண்டையும் விளக்கத்தில் சேருங்கள். ஹேஷ்டேக் மூன்று முதல் ஐந்து: ஊர், மாநிலம், பொருள், பண்டிகை. ‘வைரல்’ என்ற ஹேஷ்டேக்கால் நமக்கு ஒன்றும் ஆகாது.

மாதம் ஒருமுறை புள்ளிவிவரப் பகுதியில் பார்வையாளர் நாடு எது என்று பாருங்கள். மலேசியா பாதிக்குக் கீழே போயிருந்தால் அடுத்த ஆறு காணொளிகளுக்குச் சினிமா வசனம், பொதுவான சமையல் குறிப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஊர், விலை, எடுக்கும் நாள் என்று மட்டுமே போடுங்கள். பார்வை எண்ணிக்கை குறையும். குறையட்டும்.

முதல் நூறு பேர் எங்கிருந்து வருவார்கள்

தெரிந்தவர்களிடமிருந்துதான். ஆனால் கோயில் குழு, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் குழு, தாமான் குழு என்று இருக்கிற எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் ஒரே இணைப்பைக் கொட்டினால், மறுநாளே குழுத் தலைவர் உங்களை வெளியே எடுத்துவிடுவார். முதலில் அட்மினிடம் தனியாகக் கேளுங்கள்: “அண்ணே, ஒரே ஒரு தடவை போட்டுக்கலாமா? அதுக்கப்புறம் தீபாவளிக்குத்தான்.” இப்படிக் கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள்.

தனிப்பட்ட செய்தி இன்னும் பலன் தரும். ஒரு நாளைக்குப் பத்து பேர் வீதம், பெயர் சொல்லி அனுப்புங்கள்: “அக்கா, போன வருசம் தீபாவளிக்கு ரெண்டு டின் எடுத்தீங்களே, நினைவிருக்கா? இப்போ முகநூல்ல பக்கம் தொடங்கியிருக்கேன். எந்தக் கிழமை சுடுறேன்னு அதுல போடுவேன். பாருங்கக்கா.” ஒரே வார்த்தையை நூறு பேருக்கு ஒரே மூச்சில் அனுப்பினால் வாட்ஸ்அப் அதைத் தொல்லையாக எடுத்துக்கொண்டு எண்ணையே முடக்கலாம். வாட்ஸ்அப் ஒலிபரப்புப் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். ஆகவே டின் கொடுக்கும்போதே, “நம்பர சேவ் பண்ணிக்குங்க” என்று சொல்லிப் பழகுங்கள்.

டின் மூடியில் பக்கத்தின் கியூ.ஆர். ஒட்டுங்கள். 3 சென்டிமீட்டருக்குக் குறையாத சதுரம், வெள்ளைப் பின்னணியில் கறுப்பு. தங்கநிறத் தாளில் அச்சடித்தால் வெளிச்சம் பளபளத்துப் பழைய கைப்பேசிகள் படிக்காது. பக்கத்தில் ‘அடுத்து எப்போ சுடுறோம்னு பார்க்க’ என்று எழுதுங்கள். ‘எங்களைப் பின்தொடருங்கள்’ என்று மட்டும் எழுதினால், எதற்கு என்ற கேள்வி நிற்கும். பணம் கட்டும் டூயிட்நவ் கியூ.ஆரை அதன் அருகில் ஒட்டாதீர்கள்; இரண்டும் குழம்பிப்போகும்.

ஊரை விட்டுப் போன பிள்ளைகளைச் சேர்க்க நான்கு பதிவுக்கு ஒன்று ஊரைப் பற்றியது. இடித்துக்கொண்டிருக்கும் பழைய லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு), ரயில் நிலையம், ரப்பர் பால் நிறுத்த இடமாக இருந்து இப்போது கூரை மட்டும் நிற்கும் கொட்டகை. எழுதும்போது தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் சேர்த்துச் சொல்லுங்கள். “டோவன்பி தோட்டத்துல இருந்தவங்க யாராவது இருக்கீங்களா?” என்று கேட்டால் கிள்ளானிலிருந்து ஒருவர் பதில் போட்டு, அண்ணன், சித்தி, பள்ளிக்கூடத் தோழர் என்று ஆறு பேரை இழுத்துவருவார். எல்பில், டோவன்பி தோட்டங்கள், மகாத்மா காந்தி கலாசாலைத் தமிழ்ப்பள்ளி போன்ற பெயர்களுக்கு இருக்கும் இழுவை எந்த ஹேஷ்டேக்குக்கும் கிடையாது. இந்தப் பதிவுகளின் கீழே விலையைச் செருகாதீர்கள். அவர்களே பக்கத்தைத் திறந்து பார்ப்பார்கள்.

கோயில் திருவிழாவைப் படமெடுக்க நிர்வாகத்திடம் கேளுங்கள். அருள் வந்து ஆடுகிறவரையும், பள்ளிச் சீருடையில் இருக்கும் பிள்ளைகளையும் கேட்காமல் போட்டால் பின்தொடர்வோர் வருவதைவிட வீட்டுக்கு ஆள் வருவது வேகமாக இருக்கும்.

எப்போது போடுவது

வாரம் மூன்று. ஞாயிறு காலை ஒரே மூச்சில் மூன்றையும் எடுத்து வைத்துவிடலாம். தினமும் போட வேண்டும் என்று சொல்பவர்கள் முறுக்கு சுடுகிறவர்கள் இல்லை.

ரப்பர் பால் வெட்டுக்கும் செம்பனைப் பழம் அறுக்கவும் விடியுமுன் போகிறவர்கள் பிற்பகலில் கைப்பேசியை எடுக்கிறார்கள், தொழிற்சாலை ஷிப்டு ஆட்கள் இரவு 8க்கு மேல். இந்த இரண்டு நேரத்தையும் மாற்றி மாற்றி ஒரு மாதம் முயன்று, உங்கள் பக்கத்துக்கு எது பொருந்துகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். வேலைச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் போட்டாக வேண்டும். ஆகையால் மாதக் கடைசி முதல் 7ஆம் தேதி வரை கையில் காசு புழங்கும். விலை சொல்லும் பதிவு அப்போது, செய்முறையும் ஊர்ப் பதிவும் மற்ற நாட்களில்.

பதிவு போட்டபின் ஒரு மணி நேரம் கைப்பேசியோடு இருங்கள். வரும் கருத்துக்குப் பதில் எழுதும்போது ஒரு கேள்வியையும் சேர்த்துவிட்டால் பேச்சு நீளும். ‘நன்றி’ என்று மட்டும் போட்டால் அங்கேயே முடிந்துவிடும். குறை சொல்லி ஒருவர் எழுதினால் அழிக்க வேண்டாம். “அண்ணே, எந்த நாள் எடுத்தீங்க? மாத்திக் கொடுத்துடறேன்” என்று எல்லாரும் பார்க்க ஒரு வரி, மீதிப் பேச்சு வாட்ஸ்அப்பில். குடும்பச் சண்டையை இழுக்கும் ஊர் வம்புக் கருத்தை மட்டும் யோசிக்காமல் மறைத்துவிடுங்கள்.

கெட்டுப்போகும் விதங்கள்

‘50 வெள்ளிக்கு ஆயிரம் பின்தொடர்வோர்’ என்று விற்பவர்கள் கொடுப்பது போலிக் கணக்குகள். அவை எதையும் பார்ப்பதில்லை. தளம் உங்கள் புதுப் பதிவை அவர்களில் சிலருக்குக் காட்டும், ஒருவரும் அசைய மாட்டார்கள், மேலே போகாது. ‘நீ என்னைத் தொடர், நான் உன்னைத் தொடர்கிறேன்’ குழுக்களும் இதே நோய்தான், காசு மட்டும் மிச்சம். பரிசுப் போட்டி வைத்தால் பரிசு உங்கள் முறுக்காகவே இருக்கட்டும், அதையும் நேரில் வந்து எடுக்க வேண்டும் என்று வையுங்கள். கைப்பேசி பரிசு என்றால் கைப்பேசி வேண்டியவர்கள் வருவார்கள், அடுத்த நாள் போய்விடுவார்கள்.

டிக்டாக்கில் வணிகக் கணக்காக மாற்றினால் வணிக உரிமம் பெற்ற இசை மட்டுமே கிடைக்கும். சினிமாப் பாட்டை வெளியிலிருந்து ஒட்டினால் ஒலியை ஊமையாக்கிவிடுவார்கள். எண்ணெய்ச் சத்தமும் உங்கள் குரலும் பாட்டைவிட நன்றாகவே வேலை செய்யும். டிக்டாக் முத்திரையோடு இறக்கிய காணொளியை இன்ஸ்டாகிராமில் போட்டால் அது புதியவர்களுக்குக் குறைவாகவே போகும். முத்திரையில்லாத மூலக் கோப்பைத் தனியாகச் சேமியுங்கள்.

கணக்கு திருடு போவதுதான் பெரிய இழப்பு. எல்லாவற்றிலும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள், வாட்ஸ்அப்பில் ஆறு இலக்கப் பின் வையுங்கள். ‘உங்கள் பக்கம் பதிப்புரிமையை மீறிவிட்டது, 24 மணி நேரத்தில் மூடப்படும்’ என்று வரும் செய்தியில் உள்ள இணைப்பை அழுத்தாதீர்கள். பக்கத்துக்கு வீட்டில் இன்னொருவரையும் நிர்வாகியாகச் சேர்த்து வையுங்கள், ஒன்று போனாலும் மற்றதிலிருந்து மீட்கலாம். மோசடியில் காசு போய்விட்டால் தாமதிக்காமல் தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997 எண்ணுக்கு அழையுங்கள்.

நோட்டில் எழுத வேண்டியவை

மாதக் கடைசியில் நான்கு எண்கள்: வந்த விசாரணைகள், அதில் ஆர்டரானவை, பகிரப்பட்ட எண்ணிக்கை, பார்வையாளரில் மலேசியர் பங்கு. புதிதாக விசாரிப்பவரிடம், “எங்க பார்த்தீங்க?” என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். லைக் எண்ணிக்கையை எழுத வேண்டியதில்லை.

தீபாவளிக்கு முன் எட்டு வாரம்

எட்டு வாரம் இருக்கும்போது, சோதனைக்குச் சுட்டுப் பார்க்கும் காணொளி. ஆறு வாரம் இருக்கும்போது விலைப்பட்டியல், கூரியர் கட்டணத்தோடு. சிங்கப்பூருக்கு அனுப்ப முடியாதென்றால் அதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். நான்கு வாரம் இருக்கும்போது ஆர்டர் திறப்பு, எத்தனை டின்தான் முடியும் என்ற எண்ணோடு. உடையும் பலகாரத்தைக் கூரியரில் அனுப்பும்போது டின்னுக்குள் மேல் இடைவெளியைத் தாளால் இறுக்கி, குலுக்கிப் பார்த்து, சத்தம் வராததைக் காணொளியாகவும் எடுங்கள். தூரத்துப் பிள்ளைகள் ஆர்டர் கொடுக்கத் தயங்குவது முறுக்கு தூளாகிவிடும் என்ற பயத்தால்தான்.

பத்து நாள் இருக்கும்போது ஆர்டரை மூடுங்கள். மூடிய பிறகும் அடுக்குவது, கட்டுவது என்று பதிவுகள் தொடரட்டும். விட்டுப்போனவர்கள் அப்போதுதான் பக்கத்தைத் தொடர ஆரம்பிப்பார்கள். பண்டிகை முடிந்த மறுநாள் மேலே ‘பின்’ செய்த அந்த விலைப்பட்டியலை எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் எண்ணெய் விலை ஏறிய பிறகும் பொங்கல் வரைக்கும் அதே விலைக்குக் கேட்டுக்கொண்டு வருவார்கள்.